மாவட்டம் சிவப்பு என்றால் தோட்டமும் சிவப்பா?

"தங்கச்சி, எங்க தோட்டத்துல ஒருத்தருக்கும் நோய் வரல. ஆனா குளுவாங் சிவப்புன்னு டிவியில போட்டாங்க. அப்போ நாங்களும் சிவப்பா?"

பாலோவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் கேட்ட கேள்வி இது. கூட்டத்தில் சிரிப்பொலி எழுந்தது. ஆனால் அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே மிகவும் கனமான கேள்வி இதுதான் என்று எனக்குப் பட்டது. அன்று நேரம் போதாமல் சுருக்கமாகச் சொன்னதை, இந்தப் பக்கத்தில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கோவிட் காலக் கட்டுப்பாடுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் இன்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். அரசாங்கம் மக்களை வீட்டில் பூட்டிப் பிழைப்பைக் கெடுத்தது என்பது ஒரு கட்சி. இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது என்பது மற்றொரு கட்சி. இரு தரப்பும் எண்களைத்தான் எடுத்து வீசுகின்றன. அந்த எண் எப்படி எண்ணப்பட்டது, எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரியவர் அதைத்தான் கேட்டார்.

முதலில் சிறிது பின்னோக்கிப் போவோம். 2020 மார்ச் 16ஆம் தேதி இரவு அன்றைய பிரதமர் டான் ஸ்ரீ முகிதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமும் 1967ஆம் ஆண்டின் போலீஸ் சட்டமும் அதற்கு அடிப்படை. பிப்ரவரி இறுதியில் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த பெரும் சமயக் கூட்டத்திலிருந்து நோய் எல்லா மாநிலங்களுக்கும் பரவியிருந்த நேரம் அது. இடைப்பட்ட 17ஆம் தேதியன்று நாட்டின் முதல் இரு கோவிட் மரணங்கள் அறிவிக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் ஜொகூர் பாருவைச் சேர்ந்த 34 வயது ஆடவர்.

ஆணை ஒன்றுதான். ஆனால் அது விழுந்த இடமெல்லாம் ஒன்றல்ல. ஜொகூர் பாலத்தைத் தினமும் கடந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். சிங்கப்பூரில் தங்கி வேலையைக் காப்பாற்றிக் கொள்வதா, வீட்டுக்குத் திரும்பி வேலையை விடுவதா என்று முடிவெடுக்க அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரே ஒரு நாள். நம் வட்டாரத்திலும் அப்படிப் பிரிந்த குடும்பங்கள் பல உண்டு. அதே வீட்டில் செம்பனை வெட்டும் தகப்பனாருக்கோ நிலைமை வேறு. பழுத்த குலை ஊரடங்குக்காக மரத்தில் காத்திருக்குமா? தோட்ட வேலைக்கு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஆனால் சபாவில் சில மாவட்டங்களில் மாநில அரசு தோட்டங்களையே மூடச் சொன்னது. ஆக, ஒரே பயிர், ஒரே நோய், ஒரே நாடு. ஆனால் விதி இடத்துக்கு இடம் மாறியது. தொடக்கத்திலிருந்தே இப்படித்தான்.

ஏப்ரலில் இன்னொரு விதி சேர்ந்தது. குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும், வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் போய்ப் பொருள் வாங்கி வரலாம். பட்டணத்தில் 10 கிலோமீட்டருக்குள் பத்துப் பேரங்காடிகள் இருக்கும். பாலோவிலிருந்து குளுவாங் பட்டணமே அந்த வட்டத்துக்கு வெளியில்தான் இருக்கிறது. 10 கிலோமீட்டருக்குள் கடை இல்லாவிட்டால் ஆக அருகில் உள்ள இடத்துக்குப் போகலாம் என்ற விலக்கு இருந்தது உண்மை. ஆனால் போலீஸ் தடுப்பில் நிற்கும் பையனுக்கு அதை எடுத்துச் சொல்ல, தோட்டத்து மனிதருக்குக் கொஞ்சம் வாய் வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே நடந்தது

பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்று. நாட்டிலேயே முதன்முதலாகக் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போடப்பட்டது கோலாலம்பூரில் அல்ல. நம் குளுவாங் மாவட்டத்தில், சிம்பாங் ரெங்கத்தில். 2020 மார்ச் 27ஆம் தேதி கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜீட், பண்டார் பாரு டத்தோ இப்ராஹிம் மஜீட் ஆகிய இரு குடியிருப்புகள் முள்கம்பி போட்டு அடைக்கப்பட்டன. சுமார் 650 குடும்பங்கள், மூவாயிரத்துக்கும் அதிகமான மக்கள். யாரும் வெளியே போகக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. கடைகள் அடைப்பு. உணவு அரசாங்கத்தின் வழியாக வீடு தேடி வரும். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சோதிப்பார்கள். முதலில் அறிவிக்கப்பட்ட காலம் 14 நாள். நோய்க்கிருமி உடம்பில் நுழைந்து அறிகுறி காட்டுவதற்கு ஆகக்கூடிய நீண்ட காலம் அது என்பதால் அந்தக் கணக்கு.

கேட்பதற்கு இது மிகக் கொடுமையாகத் தோன்றும். அங்கே அடைபட்டவர்களுக்குக் கொடுமைதான். ஆனாலும் இந்த முறையில் ஒரு நேர்மை இருந்தது என்பேன். நோய் எங்கே இருக்கிறதோ அங்கே வேலி. வேலிக்கு உள்ளே இருப்பவருக்குச் சோறும் சோதனையும் அரசாங்கத்தின் பொறுப்பு. கெடுபிடியோடு கடமையும் சேர்ந்து வந்தது. அதே மாவட்டத்தின் மறுமூலையில் இருக்கும் பாலோவுக்கு அந்த முள்கம்பி வரவில்லை.

பிறகு வந்த வண்ண வரைபடம்தான் கதையை மாற்றியது.

மாவட்டங்களுக்கு வண்ணம் பூசப்பட்டது நினைவிருக்கும். கடந்த 14 நாளில் உள்ளூர்த் தொற்று ஒன்றுகூட இல்லையென்றால் பச்சை. 1 முதல் 20 வரை மஞ்சள். 21 முதல் 40 வரை ஆரஞ்சு. 41 ஆனால் சிவப்பு. புரிந்துகொள்ள எளிது. வண்ணப் படம் என்றால் தொலைக்காட்சிக்கும் கொண்டாட்டம்தான். அரை நிமிடத்தில் நாட்டையே காட்டிவிடலாம். ஆனால் அந்த 41 என்ற எண்ணைச் சற்று நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

2020ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி ஜொகூர் பாரு மாவட்டத்தில் சுமார் 17 லட்சம் பேர். குளுவாங்கில் சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் பேர். மெர்சிங்கில் சுமார் 78 ஆயிரம் பேர். இந்த மூன்று மாவட்டங்களிலும் ஆளுக்கு 41 நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சிவப்பு. ஆனால் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று வகுத்துப் பார்த்தால் ஜொகூர் பாருவில் 2 அல்லது 3 பேர், குளுவாங்கில் ஏறக்குறைய 13 பேர், மெர்சிங்கில் 50க்கும் அதிகம். ஒரே சிவப்பு வண்ணத்துக்குள் இருபது மடங்கு வித்தியாசம்! மெர்சிங்காரர் உண்மையிலேயே பயப்பட வேண்டிய நிலைமையும், ஜொகூர் பாருக்காரர் ஓரளவு மூச்சுவிடக்கூடிய நிலைமையும் ஒரே நிறத்தில் காட்டப்பட்டன.

இரண்டாவது சிக்கல் எல்லை. மாவட்டம் என்பது நிர்வாக வசதிக்காக வரையப்பட்ட கோடு. சிம்பாங் ரெங்கமும் பாலோவும் காஹாங்கும் ஒரே குளுவாங்குக்குள் வருகின்றன. கிருமிக்கு நிலவரி அலுவலகத்தின் வரைபடம் தெரியாது. ஒரு தொழிற்சாலை விடுதியிலோ ஒரு சிறைச்சாலையிலோ நூறு பேருக்குத் தொற்று வந்தால் மாவட்டம் முழுவதும் சிவக்கும். 2020 அக்டோபரில் கெடாவின் அலோர் ஸ்டார் சிறைச்சாலையில் ஏற்பட்ட தெம்போக் தொற்றுத் திரளை நினைத்துப் பாருங்கள். சிறைச் சுவருக்குள் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அந்த எண்கள் கோத்தா ஸ்டார் மாவட்டத்தின் கணக்கிலும் கெடா மாநிலத்தின் கணக்கிலும் சேர்ந்துதான் ஏறின.

மூன்றாவது, சோதனை. தேடிப் போனால் கிடைக்கும், தேடாவிட்டால் கிடைக்காது. அதிகம் சோதித்த மாவட்டம் அதிகம் சிவக்கும். சோதனை குறைந்த மாவட்டம் பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும். எத்தனை பேரைச் சோதித்ததில் எத்தனை பேருக்கு நோய் என்ற விழுக்காட்டைச் சேர்த்துச் சொல்லாத வரை அந்தப் பச்சைக்கு அர்த்தம் குறைவு.

அப்படியானால் சுகாதார அமைச்சு ஏன் இப்படி எண்ணியது? அதற்கும் ஒரு நியாயம் உண்டு. தொடக்க காலத்தில் வேலை என்பது ஒவ்வொரு நோயாளியின் தொடர்பாளர்களையும் தேடிப் பிடிப்பது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஆள் பலம் மக்கள் தொகைக்கு ஏற்றபடி நாளுக்கு நாள் கூடுவதில்லை. 41 நோயாளி என்றால் சில நூறு தொடர்பாளர்கள். அந்தச் சுமைக்கு அது ஒரு அளவுகோல். சுகாதாரப் பணியாளருக்கு உதவும் அளவுகோலை எடுத்து, பொதுமக்களின் போக்குவரத்துக்கும் பள்ளிக்கும் கடைக்கும் அளவுகோலாக்கியதில்தான் கோளாறு.

பிரித்து எண்ணினால் சரியாகிவிடுமா?

கலந்துரையாடலில் இளைஞர் ஒருவர், "சிறை, விடுதி கணக்கைத் தனியாகப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே அக்கா" என்றார். தீராது தம்பி. பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால் தெரியும்.

சிங்கப்பூர் 2020 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளின் எண்ணிக்கையையும் சமூக எண்ணிக்கையையும் தனித்தனியாக அறிவித்தது. கணக்கு துல்லியமாக இருந்தது. சமூகத்தில் தொற்று குறைந்ததும் கடைகள் திறந்தன, மக்கள் வெளியே வந்தார்கள். விடுதிகளில் இருந்தவர்கள் வெகுகாலம் அடைபட்டே கிடந்தார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட தகவலின்படி விடுதித் தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் தொற்று வந்து போயிருந்தது. பாதிக்குப் பாதி என்றே சொல்லலாம். எண்ணைத் தனியாகப் பிரித்தால், அந்த மனிதர்களையும் சமூகத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடும் அபாயம் கூடவே வருகிறது.

நம் நாட்டிலும் இதன் சாயல் தெரிந்தது. 2020 நவம்பரில் கிள்ளானில் கையுறைத் தொழிலாளர்களிடையே வெடித்த தெராத்தாய் தொற்றுத் திரள் ஐயாயிரம் பேரைத் தாண்டியது. அப்போதுதான் தொழிலாளர் தங்குமிடச் சட்டமான 446ஆம் சட்டம் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. தோட்டப்புற வாசகர்களுக்கு ஒரு தகவல்: 1990இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் முதலில் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் உரியதாகவே இருந்தது. நம் லயன் வீடுகளுக்கான சட்டம்! 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல்தான் தொழிற்சாலை உள்ளிட்ட பிற துறைகளுக்கும் விரிந்தது. ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்ற கேள்வியை நோய் வந்த பிறகுதான் நாடு உரக்கக் கேட்டது.

அடுத்து மக்களின் கோபம். எனக்குத் தெரிந்து, கட்டுப்பாடு கடுமையாக இருந்ததற்காக மக்கள் கொதித்ததைவிட, அது ஆளுக்கு ஆள் மாறியதற்காகக் கொதித்ததே அதிகம். 2020 ஜூலையில் துருக்கிக்குப் போய்த் திரும்பிய தோட்டத் தொழில்துறை அமைச்சர் டத்தோ முகமட் கைருடின் அமான் ரசாலி தனிமைப்படுத்தலுக்கு உட்படவில்லை என்று தெரிந்தபோது, அவருக்கு விதிக்கப்பட்டது 1,000 ரிங்கிட் அபராதம். அவரிடம் தனிமைப்படுத்தும் ஆணைப் பாரமே கொடுக்கப்படவில்லை என்ற காரணத்தால் வழக்கு தொடரப்படாது என்று அக்டோபரில் சட்டத்துறை அலுவலகம் முடிவு சொன்னது. 2021 பிப்ரவரியில் வெளிநாடு சென்று திரும்பும் அமைச்சர்களுக்குத் தனிமை 3 நாள் போதும் என்று அரசிதழ் வந்தது. மற்றவர்களுக்கு 10 நாள். மார்ச் 11 முதல் தனிநபர் அபராதம் 10,000 ரிங்கிட் வரை உயர்ந்தது. அதே மாதம் கிளந்தானில் நேரம் கடந்து கடை திறந்திருந்த பர்கர் வியாபாரி ஒருவருக்கு 50,000 ரிங்கிட் அபராதம் போடப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. ஆயுளுக்கும் பர்கர் சுட்டாலும் அவர் அதைக் கட்டி முடிப்பாரா?

இந்தக் கேள்விகளைக் கேட்கும் இடம் நாடாளுமன்றம். 2021 ஜனவரி 12ஆம் தேதி அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டு, ஆகஸ்ட் 1 வரை நீடித்தது. நாடாளுமன்றம் மீண்டும் கூடியது ஜூலை 26ஆம் தேதிதான், அதுவும் மாமன்னர் ஜூன் மாதத்தில் கூட்ட வேண்டும் என்று கருத்துத் தெரிவித்த பிறகு. நோய் மிக வேகமாக ஏறிய மாதங்களில் அமைச்சர்கள் அவையில் பதில் சொல்ல வேண்டிய நிலை இல்லை. மாலை நேரச் செய்தியாளர் கூட்டம் மட்டுமே இருந்தது. அங்கே மக்கள் பிரதிநிதி கேள்வி கேட்க முடியாது. அவசரகாலம் எதற்கு என்று கேட்டால் நோயைக் கட்டுப்படுத்த என்றார்கள். எண்கள் சொன்னது என்ன? 2020 முடியும்போது நாட்டில் கோவிட் மரணம் மொத்தம் 471. 2021 முடியும்போது 31 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. உருமாறிய டெல்டா கிருமி ஒரு பெருங்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. சபா தேர்தல் கிளப்பிவிட்ட அலை 2020 இறுதியிலேயே நாடு முழுக்கப் பரவியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2021 ஜூன் 1ஆம் தேதி முழு முடக்கம் வந்தது. இரண்டு வாரத்தில் நான்கு கட்டத் தேசிய மீட்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்குப் போக வேண்டுமானால், நாட்டில் ஒரு நாள் தொற்று 4,000க்குக் கீழ் வர வேண்டும், தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் நெருக்கடி குறைய வேண்டும், பத்து விழுக்காட்டு மக்கள் இரு தடுப்பூசிகளும் போட்டிருக்க வேண்டும். பாருங்கள், மறுபடியும் ஒட்டுமொத்த எண்! கிள்ளான் பள்ளத்தாக்கில் நோய் ஏறினால் மற்ற ஊர்க்காரர்களும் சேர்ந்து காத்திருக்க வேண்டும். பிறகு மாநிலம் மாநிலமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஜூலை 5ஆம் தேதி பெர்லிஸ், பேராக், கிளந்தான், திரெங்கானு, பகாங் இரண்டாம் கட்டத்துக்குப் போயின. அந்தப் பட்டியலில் ஜொகூர் இல்லை.

இந்தக் காத்திருப்பின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஜூன் இறுதியிலிருந்து வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி தொங்கத் தொடங்கியது. உணவில்லை, உதவுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டவர்களுக்காக மக்களே கண்டுபிடித்த மொழி அது. தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இன்னொரு துன்பம். வீட்டிலிருந்து கற்றல் என்றார்கள். அப்பாவின் ஒரே கைப்பேசி, அவர் வேலை முடிந்து வீடு திரும்பும்வரை தோட்டத்தில். மூன்று பிள்ளைகள் இருந்தால் யார் படிப்பது? ஒட்டுமொத்த எண்ணுக்குள் இது எதுவும் தெரியாது.

அளவுகோல் மாறியது 2021 ஆகஸ்ட்டில். தினசரித் தொற்று எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் அறிகுறியோடு மருத்துவமனையில் புதிதாகச் சேர்க்கப்படுகிறார்கள் என்பதை அரசாங்கம் பார்க்க ஆரம்பித்தது. தடுப்பூசி பரவலாகிவிட்ட நிலையில் இது சரியான மாற்றமே. ஆகஸ்ட் 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று என்ற செய்தி வந்தபோதும், மருத்துவமனைக் கட்டில் என்ன சொல்கிறது என்று கேட்கும் பழக்கம் மெல்ல வந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதமே சுகாதார அமைச்சு தன் புள்ளிவிவரங்களை எவரும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் திறந்துவிட்டிருந்தது. மாணவர்களும் ஆய்வாளர்களும் தாங்களே வகுத்துப் பார்த்து, அமைச்சரிடம் எதிர்க்கேள்வி கேட்க முடிந்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன்பே இதைச் செய்திருந்தால், பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்ல நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்.

அவருக்கு என் பதில் இதுதான். ஐயா, உங்கள் தோட்டம் சிவப்பா இல்லையா என்று சொல்லும் கணக்கை மாவட்ட வண்ணம் தரவே இல்லை. அதற்கு முக்கிம் அளவில் எண்ண வேண்டும், மக்கள் தொகையால் வகுக்க வேண்டும், எத்தனை சோதனை நடந்தது என்றும் சொல்ல வேண்டும். அதே நேரம், உங்கள் தோட்டத்தில் யாருக்கும் நோய் இல்லை என்பதால் விதி உங்களுக்குத் தேவையே இருந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. உங்கள் பேரன் குளுவாங்கில் வேலை பார்த்தால், சந்தைக்குப் போகும் வேன் அங்கே போய் வந்தால், நோய் வந்து சேர ஒரு வாரம் போதும். குளுவாங்கில் உள்ள என்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை கோவிட் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டவற்றில் ஒன்று. அங்கே கட்டில் நிரம்பினால், நெஞ்சுவலி வரும் பாலோக்காரருக்கும் அது பாதிப்புதான். தோட்டம் தனித்தீவு அல்ல. மாவட்டம் முழுவதும் ஒரே வீடும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது.

2021 டிசம்பரில் தொற்றுநோய்ச் சட்டத்தில் அபராதங்களை உயர்த்தும் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, எதிர்ப்புக் கிளம்பி அது ஒத்திவைக்கப்பட்டது. எவ்வளவு அபராதம் என்பதைப் பற்றித்தான் அப்போதும் பெரும் வாக்குவாதம். எந்த எண்ணைத் தொட்டால் எந்தக் கட்டுப்பாடு வரும், எந்த எண்ணுக்கு இறங்கினால் அது விலகும் என்பதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்ற பேச்சு அவ்வளவாக எழவில்லை.

கடைசியாக, இதற்கெல்லாம் ஓட்டுப் பெட்டியில் பதில் சொல்லலாமே என்று ஒருவர் கேட்டார். ஜொகூர் மாநிலத் தேர்தல் 2022 மார்ச் 12ஆம் தேதி நடந்தது. பாலோவும் ஒரு சட்டமன்றத் தொகுதிதான். மாநிலம் முழுவதும் வாக்களித்தவர்கள் சுமார் 55 விழுக்காடு. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஜொகூர்க்காரர்கள் பழையபடி தடையின்றிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வர வழி திறந்தது ஏப்ரல் 1ஆம் தேதி, தேர்தல் முடிந்து மூன்று வாரம் கழித்து.